பதினேழு வயது ஓப்பனர்: மேல் டிவிஷன் பெஞ்சா, கீழ் டிவிஷன் முதல் ஓவரா?

கேள்வி, ஜூன் 8, 2025

என் அக்கா மகனுக்கு 17 வயது. சென்னை லீக்கில் கீழ் டிவிஷன் அணி ஒன்றில் இரண்டு சீசனாக ஓப்பனிங் ஆடுகிறான். போன சீசனில் ஒரு சதம், நான்கு அரைசதம். இப்போது முதல் டிவிஷன் அணி ஒன்று கூப்பிடுகிறது. பதினைந்து பேரில் ஒருவனாக இருப்பான், ஆடும் பதினொன்றில் இடம் கிடைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார்கள். போனால் செலக்டர் கண்ணில் படலாம் என்று அவன் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். அக்காவுக்கு மனமில்லை. லீக் ஆடியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 8, இரவு

போக வேண்டாம்.

முதல் டிவிஷன் பெரிய இடம்தான். பாளையம்பட்டி ராஜா கேடயத்துக்கு நடக்கும் அந்த லீக்கில் ரஞ்சி ஆடியவர்கள் இருப்பார்கள், கம்பெனி அணிகள் வெளிமாநிலத்திலிருந்து கூட்டிவரும் ஆட்கள் இருப்பார்கள். முதல் நான்கு இடம் அவர்களுக்கே போய்விடும். பதினேழு வயதுப் பையனுக்கு மிஞ்சுவது ஏழாம் இடம், அல்லது ட்ரிங்க்ஸ் தூக்கும் வேலை. ஓப்பனருக்கு வேண்டியது புதுப் பந்து. அதை வாரம் ஒருமுறையாவது உண்மையான ஆட்டத்தில் பார்க்காவிட்டால் கை மறந்துவிடும். நெட்ஸில் ஆயிரம் பந்து ஆடினாலும் மூன்று ஸ்லிப்பும் ஒரு கல்லியும் நிற்க, அவுட் ஆனால் அடுத்த வாரம்தான் மறுபடி பேட் என்ற பயம் அங்கே வராது.

ஜூன் 9

"கீழ் டிவிஷனில் இரட்டைச் சதம் அடித்தாலும் யாரும் பார்ப்பதில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி உண்மை. மாநில சீனியர் அணிக்குப் பார்ப்பது முதல் டிவிஷனைத்தான். ஆனால் இந்தப் பையனுக்கு இன்னும் அண்டர்-19 வயது இருக்கிறது. வினு மன்கட் ஒரு நாள் போட்டி, கூச் பெஹார் நான்கு நாள் போட்டி இரண்டுக்கும் கதவு ட்ரையல்ஸும் வயதுப் பிரிவு ஆட்டங்களும்தான். ட்ரையல்ஸ் நெட்ஸில் ஒரு பையனுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் போன ஞாயிற்றுக்கிழமை ஐம்பது ஓவர் நின்றவன் ஒரு மாதிரி இருப்பான், ஒரு மாதமாகப் பெவிலியனில் உட்கார்ந்தவன் வேறு மாதிரி இருப்பான். கால் காட்டிக்கொடுத்துவிடும்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். மேட் விக்கெட்டில் (நார்ப் பாய் விரித்த ஆடுகளம்) ஓப்பனிங் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் மேல் டிவிஷன் அணி ஒன்று என்னை எடுத்தது. பேர் வேண்டாம், இன்னும் லீக்கில் இருக்கிறார்கள். சீசன் முழுக்கப் பன்னிரண்டாவது ஆள். கடைசி ஆட்டத்தில் கேப்டனுக்குக் காய்ச்சல் வர, என்னை ஓப்பனிங் இறக்கினார்கள். ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. முன்பெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். இரண்டாவது ஓவரில், விட வேண்டிய பந்தைத் தொட்டு ஸ்லிப்பில் கேட்ச். அடுத்த வருடம் பழைய கிளப்புக்கே திரும்பினேன். அந்தப் பழைய நிதானம் வர இன்னொரு பாதி சீசன் பிடித்தது. யார்மேலும் கோபமில்லை, அவர்கள் அணி அப்படி. ஆனால் அந்த வயதில் போன ஒரு வருடம் போனதுதான்.

ஜூன் 10

தமிழ்நாட்டு ஓப்பனர் சாய் சுதர்சன் முதல் டிவிஷன் ஆடித்தானே வந்தார் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். ஆமாம். எப்படி ஆடினார் என்பதையும் பாருங்கள்.

2019-20 சீசனில் ஆழ்வார்பேட்டை அணிக்காக 635 ரன், சராசரி 52.92. அந்த வருடம் கேடயத்தில் அதிக ரன் அவருடையது. 635-ஐ 52.92-ஆல் வகுத்தால் 12 வரும். பன்னிரண்டு முறை அவுட் ஆகியிருக்கிறார், அதாவது குறைந்தது பன்னிரண்டு இன்னிங்ஸ் கிடைத்திருக்கிறது. 2001 அக்டோபரில் பிறந்தவர், அப்போது வயது 18. பதினெட்டு வயதுப் பையனைச் சீசன் முழுக்க நம்பி இறக்கிய கேப்டனையும் கிளப்பையும் யாரும் பேசுவதில்லை. எனக்கு அந்த 635-ஐவிட இந்த 12 பெரிதாகத் தெரிகிறது.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. 2021-ல் டிஎன்பிஎல்லில் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கோவை கிங்ஸுக்கு முதல் ஆட்டத்திலேயே 43 பந்தில் 87. 2022 ஐபிஎல் ஏலத்தில் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. அந்த டிசம்பரில் ஹைதராபாத்துக்கு எதிராக ரஞ்சி அறிமுகம், 179. அடுத்த வருடம் டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை கொடுத்தது 21.6 லட்சம், ஐபிஎல் சம்பளத்தைவிட அதிகம்! லீக் ரன்னுக்கும் ரஞ்சி தொப்பிக்கும் நடுவே மூன்று வருடம் ஓடியிருக்கிறது. கொரோனாவும் அதில் சேர்த்தி. அவன் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அவசரப்பட ஒன்றுமில்லை.

ஜூன் 10, பிறகு

பையனின் மாமா கேட்டதற்கு: ஆமாம், அதே அணி உங்கள் பையனை ஓப்பனிங் இறக்குவதாகச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நான் வேண்டாம் என்றது பெஞ்சைத்தான்.

ஜூன் 12

மேட், டர்ஃப் (புல்தரை ஆடுகளம்) பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். இது நீளும்.

கீழ் டிவிஷன்களில் இன்னும் பல மைதானத்தில் தேங்காய் நார் மேட்தான். மேட்டில் பந்து நன்றாக எழும்பும், எழும்பும் உயரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். சுழல் பந்து நாரில் பிடித்துக்கொண்டு திரும்பும். அங்கே வளர்ந்தவன் தன்னையறியாமல் பின்காலில் போய்விடுவான். கட் ஷாட்டும் புல் ஷாட்டும் பிரமாதமாக இருக்கும். சென்னைப் பையன்களின் பின்கால் ஆட்டம் அழகாக இருப்பதற்கு மேட்டும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மேட்டை எப்படி இழுத்துக் கட்டுகிறார்கள் என்பதிலும் நிறைய இருக்கிறது. ஆணி அடித்து விறைப்பாகக் கட்டினால் வேகம், தொளதொள என்று விட்டால் பந்து நின்று வரும். டாஸுக்கு முன்னால் மேட்டின் ஓரத்தைக் காலால் அழுத்திப் பார்க்காத ஓப்பனரை நான் பார்த்ததில்லை.

அதே பையன் டர்ஃபுக்குப் போனால் முதல் ஐந்தாறு ஆட்டம் எல்பிடபிள்யூதான். இடுப்புக்கு வரும் என்று பின்காலில் காத்திருப்பான், பந்து முழங்காலுக்குக் கீழே சறுக்கிக்கொண்டு வரும். அப்புறம் சீம். காலை ஒன்பதரைக்கு விக்கெட்டில் ஈரம் இருக்கும்போது, விழுந்த பிறகு அரைக் கை நகரும் பந்து மேட்டில் கிடையாது. மேட்டில் பந்து காற்றிலேயே தன் கதையைச் சொல்லிவிடும். டர்ஃபில் விழுந்த பிறகுதான் சொல்லும், அதுவரை மட்டையை நீட்டாமல் இருக்கப் பழக வேண்டும். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி விக்கெட் காய்ந்துவிட்டால் சாயங்காலம் வரை ஆடலாம். அந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் ஓப்பனர் என்று ஒருவனை வைத்திருக்கிறார்கள்.

எனவே பையன் எந்த டிவிஷன் என்பதைவிட, எத்தனை ஆட்டம் டர்ஃபில் ஓப்பனிங் ஆடுவான் என்று கேளுங்கள். அந்த நான்கு அரைசதமும் சதமும் மேட்டிலா டர்ஃபிலா என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 13

எல்லாம் மேட்டிலாம். அப்படியானால் நான் எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும்: இன்னும் இரண்டு வருடம் அதே அணியில் அதே மேட்டில் இருப்பதும் சரியில்லை. நடுவில் ஒரு வழி வேண்டும். இரண்டாவது டிவிஷனில் கேட்டுப் பாருங்கள். பெரிய பெயர்கள் குறைவாக இருக்கும் அணி, டர்ஃப் விக்கெட், ஓப்பனிங் இடம் காலி. இந்த மூன்றும் சேர்ந்த அணி ஊரில் இருக்கும், தேட வேண்டும். பதிவு முடியும் தேதியைக் கிளப் செயலாளரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் சீசன் நடுவில் மாறுவது பாடு.

ஜூன் 15

பேச்சு வேறு பக்கம் போய்விட்டது, போகட்டும். "ஓப்பனர் என்பவன் பிறவியிலேயே ஓப்பனர்" என்று திருச்சிக்காரர் எழுதியதை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

டபிள்யூ.வி. ராமன் இடக்கைச் சுழல் பந்துவீச்சாளராக ஆரம்பித்து ஓப்பனர் ஆனவர். 1988-89 ரஞ்சியில் கோவாவுக்கு எதிராக 313 அடித்தார். அதே இன்னிங்ஸில் அர்ஜன் கிருபால் சிங் 302 அவுட் இல்லை, தமிழ்நாடு 6 விக்கெட்டுக்கு 912. மறுபக்கம் அஸ்வின். வயதுப் பிரிவு ஆட்டங்களில் ஓப்பனிங் பேட்ஸ்மேன். இடுப்பில் அடிபட்டுப் பல மாதம் ஆடாமல் இருந்து, திரும்பி வந்தபோது சுழல் பந்து கைகொடுத்தது. வாஷிங்டன் சுந்தரும் ஓப்பனிங் ஆடிய பையன்தான், 2017 டிஎன்பிஎல்லில் தூத்துக்குடி அணிக்கு ஓப்பனிங் இறங்கிக் குவித்ததைப் பார்த்திருப்பீர்கள். யார் எங்கே போய் நிற்பான் என்று பதினேழு வயதில் சொல்ல முடியாது. அதனால் பையன் பந்து வீசுவானா என்று கேட்கிறேன். வீசினால் விடச் சொல்லாதீர்கள். ரன் வராத வாரங்களில் அணியில் வைத்திருக்கக் கேப்டனுக்கு அது ஒரு காரணமாக இருக்கும்.

முரளி விஜய்யை ஒருவர் நினைவுபடுத்தியிருந்தார். பதினேழு வயதில் வீட்டை விட்டு வெளியே தங்கி, ஸ்னூக்கர் பார்லரில் வேலை பார்த்து, அதற்கப்புறம் தீவிரமாகக் கிரிக்கெட்டுக்குள் வந்தவர். 2008 நவம்பரில் நாசிக்கில் மகாராஷ்டிராவுக்கு எதிராக விஜய்யும் அபினவ் முகுந்தும் முதல் விக்கெட்டுக்கு 462. விஜய் 243, அபினவ் 300 அவுட் இல்லை. அபினவுக்கு அப்போது 18 வயது! அந்த ஆட்டம் முடிவதற்குள்ளேயே விஜய்க்கு நாக்பூர் டெஸ்டுக்கு அழைப்பு வந்தது, கம்பீருக்குத் தடை விழுந்ததால். அங்கிருந்து நேராகப் போய் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இறங்கினார்.

அபினவ் பிற்பாடு 7 டெஸ்ட் ஆடினார், முதல்தரத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ரன். கடைசியாக ஆடிய டெஸ்ட் 2017-ல் காலேயில், இரண்டாவது இன்னிங்ஸில் 81. அதற்கப்புறம் இடமில்லை. எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல் அது.

ஜூன் 17

கீழே ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகன் ஓப்பனிங் போய் தினமும் சீக்கிரம் அவுட் ஆகிறான், ஐந்தாம் இடம் கேட்கலாமா?" அம்மா, ஓப்பனருக்குத் தோல்வி அதிகம். வேலையே அப்படி. எத்தனை ரன் என்று பார்க்காதீர்கள். ஸ்கோரர் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சந்தித்த பந்துகளை எண்ணுங்கள். 12 ரன்னுக்கு 40 பந்து என்றால் நல்ல வேலை செய்திருக்கிறான், பின்னால் வருபவர்கள் அவனால்தான் அடிக்கிறார்கள். 12 ரன்னுக்கு 8 பந்து என்றால் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் மட்டும் பேசாதீர்கள். ராத்திரி சாப்பிட்ட பிறகு பேசுங்கள்.

ஜூன் 21

நேற்று லீட்ஸில் சாய் சுதர்சன் டெஸ்ட் அறிமுகம். நான்கு பந்து, பூஜ்யம். ஸ்டோக்ஸ் லெக் பக்கம் போட்டதைத் தொட்டு கீப்பரிடம் கேட்ச். இந்த ஐபிஎல்லில் 759 ரன் அடித்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய பையன். ஓப்பனரை மூன்றாம் இடத்தில் இறக்கினால் காத்திருக்க வேண்டும். முதல் விக்கெட்டுக்கு ராகுலும் ஜெய்ஸ்வாலும் தொண்ணூறு தாண்டிவிட்டார்கள், இவர் பேட் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ஓப்பனருக்கு அது பழக்கமில்லாத அவஸ்தை. டாஸ் போட்ட கொஞ்ச நேரத்திலேயே களத்தில் இருந்து பழகியவர்களுக்கு இது புரியும்.

ஜூலை 2

அடுத்த டெஸ்டில் அவரை எடுக்கவில்லை. பூஜ்யமும் 30-ம் எடுத்தவரை ஒரே ஆட்டத்தோடு உட்கார வைத்துவிட்டார்கள். எனக்குச் சம்மதமில்லை.

ஜூலை 5

பையனே எழுதியிருக்கிறான்! நல்லது. தம்பி, உன் மாமா நான்கு வாரமாக எங்களைத் தூங்க விடவில்லை.

நீ கேட்டது: "ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தை விட்டால் கேப்டன் திட்டுகிறார், ரன் எடு என்கிறார், என்ன செய்ய?" ஐம்பது ஓவர் ஆட்டத்தில் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் முதல் ஆறு ஓவர் உன்னுடையது என்று ஆட்டத்துக்கு முன்னாலேயே அவரிடம் பேசி வாங்கிவிடு. விடுவது என்றால் சும்மா மட்டையைத் தூக்குவது இல்லை. ஸ்டான்ஸில் உன் கண் எந்த ஸ்டம்புக்கு நேராக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்கு வெளியே வருவதை விட வேண்டும். மிடில் ஸ்டம்ப் கார்டு எடுத்து (நடு ஸ்டம்புக்கு நேராக மட்டையை வைத்து நின்று), பின்காலை ஆஃப் ஸ்டம்புக்குக் கொண்டுபோனால் கண்ணுக்கு வெளியே போகிற எதுவும் ஸ்டம்பில் படாது. இதை த்ரோடவுனில் (பக்கத்திலிருந்து ஒருவர் கையால் எறியும் பந்தில்) பழகு. போடுபவரிடம் பத்தில் ஏழு பந்து ஆஃப் ஸ்டம்பை ஒட்டி வெளியே போடச் சொல். பின்னால் ஒரு ஸ்டம்ப் நட்டு, ஆடாமல் விட்ட ஒவ்வொரு பந்தும் அதில் படுகிறதா என்று பார்.

முரளி விஜய் 2014-ல் நாட்டிங்ஹாம் டெஸ்டில் 146 எடுத்ததற்கு 361 பந்து. ஆண்டர்சனும் பிராடும் வெளியே போட்டுப் போட்டுக் களைத்தார்கள், இவர் விட்டுக்கொண்டே இருந்தார். எங்கேயாவது கிடைத்தால் முழுதாகப் பார். நான்கு அடித்ததை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோ உனக்கு உதவாது.

ஜூலை 6

"இந்தக் காலத்தில் டி20 ஆடினால் போதும், விடுவதெல்லாம் எதற்கு" என்று கேட்டவருக்கு: 2022 நவம்பரில் பெங்களூரில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக ஜெகதீசனும் சாய் சுதர்சனும் முதல் விக்கெட்டுக்கு 416. ஜெகதீசன் 141 பந்தில் 277. தமிழ்நாடு ஐம்பது ஓவரில் 506. ஜெகதீசனுக்கு அது தொடர்ந்து ஐந்தாவது சதம். இப்படி அடிக்கிற இருவரும் பல நாள் ஆட்டத்திலும் நின்று ஆடத் தெரிந்தவர்கள். நிற்கத் தெரிந்தவனுக்கு அடிக்கச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அடிக்க மட்டும் பழகியவனை இருபது வயதுக்கு மேல் நிற்க வைக்க முயன்று தோற்றவர்கள் எங்கள் ஞாயிற்றுக்கிழமை நெட்ஸிலேயே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டின் பழைய ஓப்பனர் வி.பி. சந்திரசேகர் பெயரையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1988 இரானி கோப்பையில் சேப்பாக்கத்தில் 56 பந்தில் சதம். டி20 என்ற பேச்சே இல்லாத காலம்! அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் இன்றும் சொல்வார்கள். சீக்கிரம் போய்விட்டார்.

ஜூலை 24

மான்செஸ்டரில் சாய் திரும்பவும் உள்ளே. 151 பந்தில் 61. நேற்று முழுக்கப் பார்த்தேன். இரண்டு டெஸ்ட் வெளியே உட்கார்ந்துவிட்டு இப்படி ஆடியிருக்கிறார், அப்படியானால் பெஞ்ச் கெடுக்கும் என்ற உங்கள் வாதம் என்ன ஆயிற்று என்று ஒருவர் மடக்குகிறார். நியாயமான கேள்வி, யோசித்தேன். சாய்க்கு 23 வயது. லீக், ரஞ்சி, சர்ரேக்காகக் கவுண்டி எல்லாம் ஆடி, தன் ஆட்டம் எது என்று தெரிந்தபின் உட்கார்ந்தவர். கூடவே உலகத் தரமான பந்துவீச்சு தினமும் நெட்ஸில். நம் பையனுக்குத் தன் ஆஃப் ஸ்டம்பே இப்போதுதான் தெரியத் தொடங்குகிறது. பெஞ்ச் யாருக்கு என்பதில் வயது ஒரு பெரிய விஷயம். 22, 23 வயதில் முதல் டிவிஷன் பெஞ்ச் கிடைத்தால் நானே போகச் சொல்லுவேன்.

ஜூலை 27

இரண்டாவது இன்னிங்ஸில் சாய் முதல் பந்திலேயே அவுட். வோக்ஸ் போட்ட பந்து. முதல் ஓவரிலேயே ஜெய்ஸ்வாலும் இவரும் பூஜ்யம். எழுத ஒன்றுமில்லை, புதுப் பந்து அப்படித்தான்.

ஆகஸ்ட் 10

மாமாவின் செய்தி: பையன் இரண்டாவது டிவிஷன் அணியில் கையெழுத்துப் போட்டுவிட்டான். அப்பாவைச் சம்மதிக்க வைத்தது அக்காவாம். டர்ஃப். ஓப்பனிங் இடம் என்று கேப்டன் வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறார். வாய்ச்சொல் போதும், இந்த ஊரில் யாரும் எழுதித் தர மாட்டார்கள். முதல் ஐந்து ஆட்டத்தில் என்ன ஆனாலும் மாற்ற மாட்டேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபர் நடுவில் மழை தொடங்கினால் நவம்பர் முழுக்க ஆட்டங்கள் கழுவிக்கொண்டு போகும். செப்டம்பருக்குள் கிடைக்கிற ஆட்டம்தான் கணக்கு. தசை பிடித்தது, காய்ச்சல் என்று அதற்குள் ஒன்றையும் விடாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீரில் உப்பும் எலுமிச்சையும், முந்தின நாள் ராத்திரி தூக்கம். வெயிலில் பீல்டிங் நின்றுவிட்டு உடனே பேட் கட்டி இறங்குகிறவன் அவன்தான்.

ஆகஸ்ட் 25

முதல் ஆட்டம் 11 ரன், எல்பிடபிள்யூ, உள்ளே வந்த பந்து. 38 பந்து சந்தித்திருக்கிறான். மாமா சோகமாக எழுதியிருக்கிறார். 38 பந்து! டர்ஃபில் முதல் ஆட்டத்தில்! எனக்குச் சந்தோஷம்தான். முன்கால் குறுக்கே போகிறதா என்று மட்டும் பாருங்கள். எதிர்முனை அம்பயர் பக்கத்திலிருந்து யாராவது போனில் ஒரு ஓவர் எடுத்தாலே தெரிந்துவிடும். வீடியோ கிடைத்தால் இங்கே போட வேண்டாம், பையனின் முகம் பொதுவில் வர வேண்டாம். எனக்குத் தனியாக அனுப்புங்கள்.